மூன்றாம் வகுப்பு படித்தவர் மீட்ட தாலுகா

அம்மையார்குப்பத்தில் யார் வீட்டிலாவது தாத்தா காலத்து டிரங்குப் பெட்டி இருந்தால், அதற்குள் பழைய நிலப் பத்திரம் ஒன்று நிச்சயம் இருக்கும். 1960-க்கு முந்தைய பத்திரம் என்றால் ஊர்ப் பெயர் அதேதான். மாவட்டம்தான் வேறு. சித்தூர் ஜில்லா! இன்றைய பிள்ளைகள் பார்த்தால், "நம்ம ஊர் எப்போ ஆந்திராவில் இருந்தது?" என்று கேட்பார்கள்.

இருந்தது. 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்த நாளிலிருந்து 1960 மார்ச் 31 வரை ஆறரை ஆண்டுகள், திருத்தணி முருகன் கோயிலும் அம்மையார்குப்பத்துத் தறிகளும் ஆந்திராவில்தான் இருந்தன. ஒருநாள் விடிந்ததும் மாநிலம் மாறியது. அந்த விடியலுக்குப் பின்னால் பலருடைய உழைப்பு உண்டு. அவர்களில் முன்னால் நின்றவர் பெரிய மீசை வைத்த ஒரு பத்திரிகை ஆசிரியர். படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுதியதோ நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்கள். பெயர் மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம். சுருக்கமாக ம.பொ.சி.

1906 ஜூன் 26-ல் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில், சால்வன்குப்பம் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா பொன்னுசாமி, அம்மா சிவகாமி. வைத்த பெயர் ஞானப்பிரகாசம். சிவஞானம் என்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வீட்டில் வறுமை. பையன் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளைக்கு அம்மாதான் வாத்தியார். அவர் ராகம் போட்டுப் படித்துக் காட்டிய கதைப்பாடல்களும் அம்மானைகளும்தான் முதல் பாடப் புத்தகம்.

பள்ளியை விட்ட பையன் போய் உட்கார்ந்த இடம் தறி. ஆமாம், சிறு வயதில் சில காலம் அவர் நெசவுத் தொழில் செய்தார். பின்னாளில் திருத்தணி வட்டாரத்து நெசவாளர் ஊர்களுக்குப் போய் அவர் பேசியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கைக் காய்ப்பு என்ன என்பது அவருக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

தறியை விட்டு அடுத்து வந்தது அச்சகம். டாக்டர் பி.வரதராஜுலு நாயுடு நடத்திய 'தமிழ்நாடு' பத்திரிகையின் அச்சகத்தில் கம்பாசிட்டர், அதாவது அச்சுக் கோப்பவர்.

போனில் ஒரு விரலால் தட்டி மெசேஜ் அனுப்புகிறவர்களுக்கு அந்த வேலை எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சாய்வாக நிற்கும் பெரிய மரப்பெட்டி. அதில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்தின் ஈய அச்சுகள். தமிழில் உயிர்மெய் வரிசை நீளம் என்பதால் அறைகளும் அதிகம். பழைய வடிவத்து ணை, றா, லை போன்றவற்றுக்குத் தனித்தனி அச்சு. இடது கையில் ஒரு சிறு இரும்புத் தட்டு. வலது கை பெட்டியில் துழாவி எழுத்தை எடுத்து அதில் அடுக்கிக்கொண்டே போகும். எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும். அப்படித் திரும்பியிருப்பதையே சரளமாகப் படிக்கத் தெரிந்தால்தான் கம்பாசிட்டர். ஒரு தலையங்கத்தை வாசகர் ஒருமுறை வாசிப்பார். கம்பாசிட்டர் அதை எழுத்து எழுத்தாகக் கையால் தொட்டுத் தொட்டுப் படிப்பார். ஒரு வாக்கியம் எங்கே நீளுகிறது, எங்கே நொண்டுகிறது என்பது விரலுக்கே தெரிந்துவிடும். ம.பொ.சி.க்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்த கல்லூரி அந்த மரப்பெட்டிதான்.

உலகத்தில் இப்படிப் படித்த ஆசிரியர் இவர் ஒருவர் மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஐசையா தாமஸ் என்று ஒருவர் இருந்தார். 1749-ல் பிறந்தவர். அப்பா இல்லாத ஏழைப் பிள்ளை. ஆறேழு வயதிலேயே பாஸ்டன் நகரத்து அச்சகம் ஒன்றில் எடுபிடியாக விடப்பட்டார். சரியாகப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எழுத்துக் கோக்கத் தெரிந்துகொண்டார். 1770-ல் 'மாசசூசெட்ஸ் ஸ்பை' என்ற பத்திரிகையைத் தொடங்கி ஆங்கில ஆட்சியை விளாசினார். 1775-ல் போர் மூளும் வேளையில் ஊரைவிட்டு அச்சு இயந்திரத்தையே ரகசியமாக வெளியூருக்குக் கடத்திக்கொண்டு போய், அங்கிருந்து முதல் சண்டையின் செய்தியை அச்சிட்டார். வயதான பிறகு உட்கார்ந்து, அமெரிக்காவில் அச்சுத் தொழில் வளர்ந்த வரலாற்றை 1810-ல் இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார். அச்சகத் தொழிலாளி, பத்திரிகை ஆசிரியர், வரலாற்று ஆசிரியர் என்று மூன்று படி ஏறியவர். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து நம் மயிலாப்பூர்க்காரர் ஏறியதும் அதே படிக்கட்டு. வித்தியாசம், இவருக்கு நடுவில் ஜெயில் என்று இன்னொரு படியும் இருந்தது.

காங்கிரஸ் தொண்டரான ம.பொ.சி. பலமுறை சிறைக்குப் போனார். மறக்க முடியாதது 1942. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் தொடங்கிய ஆகஸ்ட் மாதத்திலேயே பிடித்துவிட்டார்கள். வேலூர்ச் சிறையிலிருந்து மத்திய மாகாணத்தில் உள்ள அமராவதிச் சிறைக்கு அனுப்பினார்கள். அந்த ஊர் வெயிலும் சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்று நோய் பிடித்தது. உடம்பு உருகிப்போனது. அந்த வயிற்றுப் புண் ஆயுள் முழுக்க அவரை விடவில்லை. ஆனால் அதே சிறையில்தான் சிலப்பதிகாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஊன்றிப் படித்தார். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு அங்கே மறுபடி தொடங்கியது. பின்னாளில் ரா.பி.சேதுப்பிள்ளை அவருக்கு 'சிலம்புச் செல்வர்' என்று பட்டம் கொடுத்தார். பட்டதாரிகளே பயந்து ஒதுங்கும் காப்பியத்தைத் தெருமுனைக் கூட்டத்தில் கதையாகச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியவருக்கு அது பொருத்தமான பட்டம்.

சிலம்பில் அவர் பார்த்தது கண்ணகியை மட்டும் அல்ல. சோழ நாட்டில் தொடங்கி, பாண்டிய நாட்டில் வெடித்து, சேர நாட்டில் முடிகிற கதை அது. மூன்று ராஜாக்கள், ஒரே தமிழ்நிலம். அந்த நிலத்துக்கு வடக்கே எல்லை வேங்கட மலை என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்கிறது. ஏட்டில் இருந்த அந்த எல்லையை எத்தனையோ புலவர்கள் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை நிஜ வரைபடத்தில் கேட்கக் கிளம்பியவர்தான் ம.பொ.சி.

அதற்கு முன் அவருடைய வரலாற்றுப் புத்தகங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வ.உ.சிதம்பரனார் 1936-ல் வறுமையில் இறந்தபோது, நாடு அவரை ஏறக்குறைய மறந்திருந்தது. அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய அதே 1906-ல் பிறந்த ம.பொ.சி., அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பெயரே அந்தப் புத்தகத்தால்தான் வீட்டுக்கு வீடு போனது. 1961-ல் பி.ஆர்.பந்துலு அதைப் படமாக எடுத்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் பின்னாலும் ம.பொ.சி.யின் கட்டபொம்மன் ஆராய்ச்சி இருந்தது. சிவாஜியின் வசனத்தை இன்றும் சொல்லிக் காட்டுகிற சிறுவர்கள், அதன் வேர் ஒரு முன்னாள் கம்பாசிட்டரின் மேசையில் இருந்தது என்பதை அறியமாட்டார்கள்.

அவர் வரலாறு எழுதிய விதத்தில் குறை சொன்னவர்களும் உண்டு. கட்டபொம்மன் அப்படி ஒன்றும் வீரன் அல்ல என்று எதிர்த்து எழுதியவர்கள் இருந்தார்கள். நியாயமாகப் பார்த்தால், ம.பொ.சி. நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து வரலாறு எழுதவில்லை. வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். இந்திய விடுதலை வரலாறு என்றால் 1857-ல் வடக்கே தொடங்குவதாகவே எழுதுகிறார்களே, 1799-ல் கயத்தாற்றில் தூக்கில் தொங்கியவனும் 1806-ல் வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களும் எங்கே போனார்கள் என்பது அவர் கட்சி. 'விடுதலைப் போரில் தமிழகம்' என்ற பெரிய நூலை எழுதியது அந்தக் கேள்விக்காகத்தான். வக்கீல் வாதம் என்பதால் அது பொய்யாகிவிடாது. வாதம் என்று தெரிந்து படித்தால் போதும்.

1946 நவம்பர் 21-ல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். 1950 முதல் 'செங்கோல்' வார இதழ். அதற்கு முன்பே 'கிராமணி குலம்', 'தமிழ் முரசு' என்று பத்திரிகைகள் நடத்திய அனுபவம் உண்டு. கட்சி சின்னது, பத்திரிகையும் சின்னது. ஆனால் எல்லைப் போராட்டத்துக்குத் தலைமை அலுவலகம் எது என்று கேட்டால், செங்கோல்தான்.

நாடு விடுதலை அடைந்த மறுநாள், 1947 ஆகஸ்ட் 16. ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடிக்கொண்டிருக்க, ம.பொ.சி. தன் தொண்டர்களுடன் திருப்பதிக்குப் புறப்பட்டார். 'வேங்கடத்தை விடமாட்டோம்' என்பது முழக்கம். அங்கே பலத்த எதிர்ப்பு. கூட்டம் நடத்தவிடாமல் கூச்சல். இருந்தும் பேசிவிட்டுத்தான் திரும்பினார். அவரை வடக்கு எல்லைக்கு அழைத்து வந்தவர் மங்கலங்கிழார். குருவராயப்பேட்டையில் இருந்துகொண்டு, சுற்றுப்புற ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் தமிழ் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் அவர். தமிழ் பேசும் பிள்ளைகளுக்குத் தமிழில் படிக்கப் பள்ளி இல்லை என்ற கவலைதான் மங்கலங்கிழாரின் போராட்டத்துக்கு ஆரம்பம். அரசியல் பின்னால் வந்தது. 1953-ல் மறைந்துவிட்டதால், திருத்தணி திரும்பி வந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். திருத்தணி எப்படிச் சித்தூரோடு போய்ச் சேர்ந்தது? பழைய நாளில் அது கார்வேட் நகர் ஜமீனைச் சேர்ந்த ஊர். 1911-ல் ஆங்கிலேயர்கள் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கியபோது ஜமீன் பகுதியும் அதற்குள் போனது. அப்போது யாரும் கவலைப்படவில்லை. தமிழர், தெலுங்கர் எல்லாருக்கும் ஒரே சென்னை மாகாணம்தானே? வீட்டுக்குள் எந்த அறையில் பாய் போட்டால் என்ன? வீட்டையே இரண்டாகப் பிரிப்பது என்று வந்தபோதுதான், எந்த அறை யாருக்கு என்ற வழக்கு வந்தது.

அது வந்தது 1952 டிசம்பரில். ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உயிர் துறந்தார். ஆந்திரா தருகிறோம் என்று நேரு அறிவித்தார். அடுத்த கேள்வி சென்னை யாருக்கு? 'மதராஸ் மனதே' என்று தெலுங்கில் முழக்கம். 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று ம.பொ.சி.யின் பதில் முழக்கம். சென்னை தற்காலிகமாகக்கூட ஆந்திராவின் தலைநகராக இருக்கக்கூடாது என்று முதல்வர் ராஜாஜியும் உறுதியாக நின்றார். மேயர் செங்கல்வராயன் காலத்து மாநகராட்சியும் குரல் கொடுத்தது. 1953 மார்ச் 25-ல், ஆந்திராவின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்தான் அமையும் என்று நாடாளுமன்றத்தில் நேரு சொன்ன பிறகே சென்னைக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

சென்னை தப்பியது. சித்தூர் மாவட்டம் முழுசாக ஆந்திராவுக்குப் போனது. அதோடு திருத்தணியும், அம்மையார்குப்பமும், பள்ளிப்பட்டும்.

சென்னையில் இருந்த பலருக்கு அதோடு பிரச்னை முடிந்துவிட்டது. திருத்தணிக்காரர்களுக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. மறியல், கடையடைப்பு, ஊர்வலம். திருத்தணியில் வழக்கறிஞர் கே.விநாயகம் முன்னின்றார். ம.பொ.சி. தடையை மீறிக் கைதானார். சுதந்திர இந்தியாவில், தான் சிறைக்குப் போய்ப் பெற்ற அரசாங்கத்தின் சிறையில் அவரே போய் உட்கார்ந்தார். வாரா வாரம் செங்கோல் வந்தது. எந்த ஊரில் எத்தனை பேர் என்ன மொழி பேசுகிறார்கள் என்பது அதில் வாதமாக வந்தது. பெரிய பத்திரிகைகள் உள்பக்கத்தில் இரண்டு வரி போட்ட செய்திக்கு இவர் முதல் பக்கத்தைக் கொடுத்தார். திருவாலங்காடு கோவிந்தசாமி, பழனி மாணிக்கம் என்ற இரண்டு தொண்டர்கள் சிறையிலேயே உயிரை விட்டார்கள். எல்லைப் போராட்டம் என்றதும் ம.பொ.சி.யின் மீசை நினைவுக்கு வருகிற அளவுக்கு இந்த இரண்டு பேரின் பெயர்கள் வருவதில்லை.

1954-ல் காங்கிரஸோடும் அவருக்கு முறிந்தது. அத்தனை ஆண்டு சிறை வாழ்க்கை அந்தக் கட்சிக்காகத்தான். தமிழரசுக் கழகமா, காங்கிரஸா என்று வந்தபோது அவர் கழகத்தை விடவில்லை. ஆட்சியில் இருந்த கட்சியை விட்டால் என்ன இழப்பு என்பது யாருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா?

கடைசியில் பஞ்சாயத்துக்கு எச்.வி.படாஸ்கர் என்பவரை இரு மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன. அவர் வைத்த அளவுகோல் எளிமையானது. மாவட்டமாகவோ தாலுகாவாகவோ பார்க்காமல் கிராமம் கிராமமாகப் பார்ப்பது. அந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார்ப்பது. அது தன் மொழி மாநிலத்தோடு நிலத்தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பது. இன்றுவரை மாநில எல்லைத் தகராறுகளில் 'படாஸ்கர் முறை' என்று பேசப்படுவது இதுதான்.

இந்த அளவுகோலில் புராணத்துக்கு இடம் இல்லை. தொல்காப்பியம் சொன்னது சாட்சியாக ஏற்கப்படவில்லை. வேங்கடம் ஆந்திராவிலேயே நின்றது. சித்தூர், புத்தூர் நகரங்களும் அப்படியே. திருத்தணி தாலுகாவும் அதை ஒட்டிய சில பகுதிகளும் சென்னை மாநிலத்துக்கு. அதற்கு ஈடாகச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு வட்டாரம் ஆந்திராவுக்கு. 1959-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது.

திருப்பதியைக் கேட்டவருக்குத் திருத்தணி கிடைத்தது. பெருமாளைக் கேட்டோம், மருமகனைக் கொடுத்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? திருப்பதியை வைத்து அளந்தால் தோல்வி. அன்று போராடாமல் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று அளந்தால், ஒரு தாலுகா லாபம். ம.பொ.சி. முழக்கம் போடும்போது மலையைக் கேட்டார். தீர்ப்பு வந்தபோது கிராமங்களை வாங்கிக்கொண்டார். இது சமரசம் என்று சிலர் குறை சொல்லலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் எந்த மொழியில் அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பார்கள், தாலுகா ஆபீஸில் மனுவை எந்த மொழியில் எழுதுவது என்று கவலைப்பட்ட குடும்பங்களுக்கு அந்தக் கிராமங்கள்தான் மலையைவிடப் பெரியவை.

அந்த நாளில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. திருத்தணியில் 1888-ல் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அப்போது நாட்டின் குடியரசுத் துணைத் தலைவர். அவர் டெல்லியில் இருந்தபடியே இருக்க, பிறந்த ஊர் மட்டும் மாநிலம் மாறிவிட்டது.

அதன் பிறகு ம.பொ.சி.க்கு மரியாதைகள் வந்தன. 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' நூலுக்கு 1966-ல் சாகித்ய அகாடமி விருது. 1967-ல் தியாகராய நகர் சட்டமன்ற உறுப்பினர். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்று அவர் கேட்டதும் 1969-ல் நிறைவேறியது. 1972-ல் பத்மஸ்ரீ. சட்ட மேலவைத் துணைத் தலைவர், பிறகு தலைவர். 1986-ல் மேலவையையே கலைத்தபோது தலைவர் நாற்காலியில் இருந்தவரும் அவர்தான். தன் கதையை 'எனது போராட்டம்' என்ற பெயரில் எழுதி வைத்தார். 1995 அக்டோபர் 3-ல் மறைந்தார். அந்தக் கடைசிக் காலம் வரை பேனாவைக் கீழே வைக்கவில்லை.

இன்று திருத்தணியிலிருந்து திருப்பதிக்கு இரண்டு மணி நேர பஸ் பயணம்கூட இல்லை. அம்மையார்குப்பத்தில் தறி ஓடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலும் தறி ஓடுகிறது. இங்கே தெலுங்கில் ஆரம்பித்த பேச்சு தமிழில் முடியும், அங்கே தமிழில் ஆரம்பித்தது தெலுங்கில் முடியும். இங்கே பெண் எடுத்து அங்கே கொடுக்கிற சம்பந்தங்கள் 1953-லும் நிற்கவில்லை, 1960-லும் நிற்கவில்லை. கல்யாணப் பத்திரிகையை இரண்டு மொழியிலும் அச்சடித்துவிட்டால் போதும். அதைக் கோக்க இப்போது கம்பாசிட்டர் வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் சென்டரில் அரை மணி நேர வேலை.